அமெரிக்காவில் வெர்மான்ட் மலைக்கிராமத்துக்கு மார்ச் கடைசியில் குடிபோகிறோம், வீடு மண் ரோட்டில். ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகிற) கார் வாங்கினால் போதுமா?

போதாது.

எனக்கு முன்னால் பதில் சொன்ன எல்லோரும் "ஆல் வீல் டிரைவ் எடுங்க, நல்ல ஸ்னோ டயர் போடுங்க, கவலையே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடமும் அதே காரும் அதே டயரும்தான் இருந்தன. 2022 மார்ச்சில் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆளில்லாத ரோட்டில் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். இப்போது இருப்பது ஹார்ட்விக்குக்கு வடக்கே, 14ஆம் எண் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண் ரோட்டில். நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு, முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கும் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய் நடக்க வைக்கிற வேலை. ஆகவே இந்தப் பக்கத்து மண் ரோடுகளில் தினமும் ஓட்டுகிறவள் என்கிற முறையில் சொல்கிறேன்.

வெர்மான்ட்டில் மொத்தச் சாலை நீளத்தில் பாதிக்கு மேல் தார் போடாததுதான். குளிர்காலத்தில் அந்த மண் மூன்றடி, நாலடி ஆழத்துக்கு உறைந்துபோகும். ஜனவரியில் அதில் ஓட்டுவது சிமென்ட் தரையில் ஓட்டுகிற மாதிரி. வம்பு மார்ச் கடைசியில்தான் தொடங்கும். வெயில் பட்டு மேலே ஓரடி மண் இளகும், அதற்குக் கீழே இன்னும் பாறையாக உறைந்தே கிடக்கும். உருகிய தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. நம் ஊரில் தொளி அடித்த வயலில் தண்ணீர் நிற்கிறதே, அதே கதைதான். அடியில் இறுகின தளம், மேலே கூழ். இங்கே அந்த வயல் மேல் கார் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இதை மட் சீசன் என்பார்கள். ஏப்ரல் முடியும் வரை, சில வருடம் மே தொடக்கம் வரைகூட இழுக்கும். 2022இல் மிக மோசம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள்.

அன்றைக்கு நான் செய்த தவறு இரண்டு. கடைசி நோயாளி வீட்டிலிருந்து மதியம் இரண்டரைக்குக் கிளம்பினேன், அதாவது வெயில் நன்றாக மண்ணைக் கரைத்து முடித்த நேரத்தில். இரண்டாவது, போனில் மேப் காட்டிய குறுக்கு வழியில் திரும்பினேன். பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று காட்டியது. அது நாலாம் கிளாஸ் ரோடு என்பது எனக்குத் தெரியாது. இங்கே டவுன், அதாவது ஊர் நிர்வாகத்தின், ரோடுகளை ஒன்று முதல் நாலு வரை கிளாஸ் பிரித்திருக்கிறார்கள். நாலாம் கிளாஸ் ரோட்டைப் பராமரிக்கும் கடமை டவுனுக்குக் கிடையாது. மேப்பில் எல்லாம் ஒரே கோடுதான்.

முதல் இருநூறு அடி நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நிழலான வளைவு. லாரியோ டிராக்டரோ போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. தடத்தில் விழாமல் நடு மேட்டில் ஒரு சக்கரமும் ஓரத்தில் ஒரு சக்கரமுமாகப் பிடித்துக்கொண்டு போனேன். மேடு சரிந்தது. கார் பக்கவாட்டில் வழுக்கித் தடத்தில் உட்கார்ந்தது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த நாலு சக்கரமும் சுற்றியது. ஆல் வீல் டிரைவ் என்றால் நாலு சக்கரமும் சுற்றும் என்பது மட்டும்தான் அர்த்தம். பிடிக்க ஏதாவது இருந்தால்தானே பிடிக்கும்? கொஞ்ச நேரத்தில் காரின் வயிறு தரையில் தட்டி, சக்கரம் வெறும் கூழைக் கலக்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன், சேறு வழிந்து உள்ளே மிதியடி மேல் வந்தது. காலை ஊன்றி எடுத்தால் பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. சிக்னல் இல்லை.

நாலரை மணி வாக்கில் மேலே இருக்கிற மாட்டுப்பண்ணைக்காரர் டிராக்டரில் வந்தார். மேப்பிள் மரங்களில் சாறு எடுக்கிற சீசன் அது. இரவு உறைந்து பகல் உருகினால்தான் மரத்தில் சாறு ஓடும், அதே பருவம்தான் ரோட்டையும் கெடுக்கிறது. அவர் வாளிகளைப் பார்க்க வந்தவர். என்னைத் திட்டவில்லை. முன் பம்பரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்த சின்ன மூடியை நகத்தால் பெயர்த்து எடுத்தார். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பு வளையத்தை அந்தத் துளைக்குள் திருகி, அதில் இழுவைப் பட்டையை மாட்டி, டிராக்டரால் காரை வெளியே இழுத்தார். அப்படி ஒன்று என் காரில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் கார் வாங்கிய அன்றைக்கே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "நாளைக்கு இந்தப் பக்கம் வரணும்னா காலையில ஏழு மணிக்குள்ள வந்துடு, எல்லாம் உறைஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மார்ச், ஏப்ரலில் மண் ரோட்டு நோயாளிகளையெல்லாம் காலையில் முதலில் வைத்துக்கொள்கிறேன். மதியம் தார் ரோட்டு வீடுகள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மாட்டவில்லை, கார் அதே கார்தான்.

"நான் கொலராடோவில் பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கமெண்ட்டில் வருவீர்கள் என்று தெரியும். பனியில் ஓட்டுவது வேறு, இது வேறு. எல்லா மண் ரோடும் இப்படி ஆகும் என்றும் நான் சொல்லவில்லை. சில இடங்களில் டவுன்காரர்கள் அடியில் கெட்டித் துணி விரித்து அதன் மேல் கல்லும் கிராவலும் போட்டிருக்கிறார்கள், அவை தாங்குகின்றன. அந்த வேலைக்கான பணத்தை மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை டவுன் மீட்டிங்கில் ஊர்க்காரர்களே கூடி ஓட்டுப் போட்டு ஒதுக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பணம் எல்லா ரோட்டுக்கும் போதாது.

இதைச் சொன்னால் நம் ஆட்களே நம்புவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள், "அமெரிக்காவுல மண் ரோடா? எதுக்கு அந்தக் காட்டுல கிடக்குறீங்க?" என்று ஒவ்வொரு போனிலும் கேட்பார்கள். அக்டோபரில் இலை சிவக்கிறபோது மட்டும் இரண்டு கார் நிறைய வருவார்கள். நாலு நாள் இருப்பார்கள், நானும் வேலைக்கு லீவு போட்டுச் சமைத்துப் போடுவேன். ஏப்ரலில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு கொண்டுவரும் லாரி மேலே ஏற முடியாமல் நாங்கள் ஒரே அறையில் விறகடுப்பு மூட்டிப் படுத்திருந்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. அந்தப் பண்ணைக்காரர் கேட்டார்.

சரி, உங்கள் விஷயம். வேலையில் சேரும் தேதி அப்படி அமைந்திருக்கும், இல்லாவிட்டால் மார்ச் கடைசியை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். தள்ள முடிந்தால் மே நடுவுக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் காரைவிட முதலில் சாமான் லாரியை யோசியுங்கள். இந்த மாதங்களில் பல மண் ரோடுகளில் கனரக வண்டிக்குத் தடை போட்டு போர்டு வைத்துவிடுவார்கள். உங்கள் லாரி தார் ரோடு முடிகிற இடத்திலேயே நின்றுவிடும். குழந்தை இருந்தால் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள், சேறு அதிகமான வாரங்களில் சில ஊர்களில் பஸ் மேலே வராது, நாம்தான் கீழே கொண்டுபோய் ஏற்றிவிட வேண்டும். மண் ரோட்டில் ஓட்டிய மறுநாள் கார் வேகத்தில் நடுங்கினால் பயப்படாதீர்கள், சக்கரத்தின் உள்பக்கம் சேறு உறைந்து ஒட்டியிருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சரியாகிவிடும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஊர் டவுன் கிளார்க்குக்குப் போன் போட்டு, வீட்டு ரோடு எந்தக் கிளாஸ் என்று கேளுங்கள். மூன்று என்றால் தாராளமாக வாருங்கள், காலையில் சீக்கிரம் எழப் பழகினால் போதும். நாலு என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.