இரத்தத்தில் சோடியம் குறைவு என்கிறது ரிப்போட், டொக்டரோ உப்பைக் குறைக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அப்பாவுக்கு இதயம் பலவீனம், கால் வீங்கியிருக்கிறது, இரத்தப் பரிசோதனையில் சோடியம் 129. அப்படியிருக்க உப்பைக் கூட்டாமல் ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?

டொக்டர் சொன்னதைக் கேளுங்கள். வேறு எதையும் வாசிக்க நேரமில்லை என்றால் இது ஒன்றே போதும். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இதே கேள்விக்கு இரண்டு வருடங்களுக்கு முன் நானே ஒரு பதிலை முடிவுசெய்து, அதை அம்மாவின் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன்.

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் தோட்டம் செய்கிற குடும்பம். அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவருக்குச் சமைப்பதும் நான்தான். 'படிக்காதவன் மருத்துவம் சொல்ல வந்துவிட்டான்' என்று எழுத நினைப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு எழுதட்டும். உங்கள் வீட்டிலும் "கொஞ்சம் உப்புப் போட்டுக் குடு" என்று யாரோ சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது பெரியம்மா.

மாரடைப்புக்குப் பிறகு அம்மாவின் இதயம் முன்போல் இரத்தத்தைத் தள்ளவில்லை. எக்கோவில், அதாவது இதய ஸ்கானில், ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளுகிற இரத்தம் 30 வீதம் என்று வந்தது; நல்ல இதயத்துக்கு அது 55க்கு மேல் இருக்க வேண்டும். சலம் (சிறுநீர்) போகிற குளிசை, அதாவது பிரூஸ்மைட், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் நிறுத்தம். சொதிக்குக்கூட உப்புக் கிள்ளித்தான் போடுவேன். அம்மா தட்டைத் தள்ளி வைப்பார். மாதக்கணக்காக அப்படித்தான் போனது.

ஒருநாள் இரத்த ரிப்போட் வந்தது. சோடியம் 128. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. பக்கத்தில் குறைவு என்று அடையாளம் போட்டிருந்தார்கள். பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "உப்பில்லாமக் குடுத்துக் குடுத்துத்தான் இவள் வாடிப்போனாள். ரிப்போட்டே சொல்லுது, இன்னும் என்ன யோசிக்கிறாய் தம்பி?"

நானும் யோசிக்கவில்லை. கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று இரவே கஞ்சியில் வடிவாக உப்புப் போட்டேன். அடுத்த நாள் ஜீவனி ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்தேன். வயிற்றோட்டத்துக்கு அது உயிர்காக்கும் மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதிலும் உப்புத்தான் இருக்கிறது. இரண்டு மோர் மிளகாயும் பொரித்துக் கொடுத்தேன். அம்மா விரலை வழித்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கவே நெஞ்சு கனக்கிறது.

ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மா கட்டிலில் எழுந்து இருந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்கு அடிபட்டார். படுக்க வைத்தால் இருமல். முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. இருபது வரை எண்ணியும் குழி நிரம்பவில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம், வந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது 57 கிலோ. கிளினிக் கொப்பியில் கடைசியாக இருந்தது 53.

வார்ட்டில் இருந்த இளம் டொக்டர் என்ன சாப்பாடு கொடுத்தேன் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "அண்ணை, அம்மாவுக்கு உப்புக் குறையேல்லை. தண்ணி கூடிப்போச்சு" என்றார். விடிந்த பிறகு நேரம் எடுத்து விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் என் பாஷையில் சொல்கிறேன்.

தோட்டத்துக்கு இறைக்கும்போது மிசின் இளைத்துப்போனால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாது. அங்கே மண்வெட்டியோடு நிற்பவன் கிணறு வற்றிவிட்டது என்றே நினைப்பான். கிணறு நிறைந்து நிற்பது அவனுக்குத் தெரியாது. சிறுநீரகம் அந்தக் கடைசிப் பாத்திக்காரன். இதயம் சரியாகத் தள்ளாததால் தன்னிடம் வருகிற இரத்தம் குறைந்ததும், உடம்பு வறண்டுவிட்டது, அல்லது எங்கோ காயம்பட்டு இரத்தம் போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியான ஆபத்தில் உயிரைக் காப்பாற்ற அமைந்த ஏற்பாடு இங்கே தவறான இடத்தில் வேலை செய்கிறது. சிறுநீரகம் ரெனினை விடுகிறது, அதனால் அஞ்சியோடென்சின் உண்டாகிறது, அது அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டெரோனைச் சுரக்க வைக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டளைதான்: உப்பை வெளியே விடாதே.

இதில் என்னை உலுக்கிய கணக்கு ஒன்று உண்டு. நல்ல சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடிக்கிறது. அதோடு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ உப்பும் வடிகிறது. ஒன்றரைக் கிலோ! நாங்கள் கடையில் வாங்கும் பைக்கற்றில் ஒன்றும் பாதியும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சம் சலத்தோடு போவது ஒரு சிறு பங்கு. நாங்கள் தின்கிற உப்புக்கும் அதற்கும்தான் சரிக்குச் சரி. அந்தச் சிறு பங்கையும் இறுக்கிப் பிடித்தால், தின்பதெல்லாம் உள்ளேதான் நிற்கும். உடம்பில் ஒன்பது கிராம் உப்பு நின்றால் அதோடு சுமார் ஒரு லீற்றர் தண்ணீரும் நிற்கும். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. ஐந்து நாளில் அம்மாவுக்கு நான்கு கிலோ ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, உப்பு இவ்வளவு நின்றால் ரிப்போட்டில் ஏன் குறைவு? உங்கள் கேள்வியே இதுதான். இதே குழப்பத்தில் மூளையும் ஒரு ஹோர்மோனைச் சுரந்து தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. வாசோபிரெசின் என்பார்கள். தாகமும் கூடுகிறது. உப்பு நின்றதைவிடத் தண்ணீர் இன்னும் அதிகமாக நிற்கிறது. ரிப்போட்டில் வருகிற எண் உடம்பிலுள்ள உப்பின் மொத்தம் இல்லை, ஒரு லீற்றரில் எவ்வளவு என்பது மட்டும்தான். உப்புக் கூடிய ரசத்தில் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றினால் நாக்குக்கு உப்புக் குறைவாகத் தெரியும். சட்டிக்குள் போட்ட உப்பு அப்படியேதான் இருக்கும்.

அம்மாவுக்குச் செய்த வைத்தியமும் இதற்கு ஏற்றபடிதான். உப்பு ஏற்றவில்லை. நரம்பில் பிரூஸ்மைட் ஊசி, குடிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர். நான்கு கிலோ இறங்கியபோது சோடியம் 134.

குளிசையைப் பற்றியும் ஒன்று. பிரூஸ்மைட் வேலை செய்வது ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். அது ஓய்ந்த பிறகு சிறுநீரகம் இழந்த உப்பை மீட்கப் பார்க்கும். அந்த நேரத்தில் இரவுச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு வந்தால் பகலில் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும். 'குளிசைதான் போடுகிறாரே, கொஞ்சம் சாப்பிட்டால் என்ன' என்பது அதனால்தான் பிழை. ஸ்பைரனோலக்டோன் என்ற இன்னொரு சலக் குளிசையும் கொடுத்திருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். அது அல்டோஸ்டெரோனைத் தடுக்கிறது, கூடவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்துகிறது. என் தம்பி கனடாவிலிருந்து ஆசையாக அனுப்பிய 'குறைந்த சோடியம்' உப்பில் பாதிக்கு மேல் பொட்டாசியம் குளோரைட். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும் என்று டொக்டர் சொன்னார், தூக்கி வைத்துவிட்டேன். இளநீரிலும் பொட்டாசியம் இருப்பதால் அதுவும் அளவோடுதான். முழங்கால் நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்குகிற டைக்லோபினக் குளிசையும் சிறுநீரகத்தை உப்புப் பிடிக்க வைக்கும்.

இனி, 2022இல் லான்செற் என்ற மருத்துவ இதழில் வந்த, இதயம் பலவீனமானவர்களிடம் செய்த சோடியம்-எச்எப் ஆய்வைக் காட்டி, உப்பைக் குறைப்பதில் பயனில்லை என்று யாராவது சொல்லக்கூடும். அந்த ஆய்வில் 806 பேர். ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தியும் மரணமோ ஆஸ்பத்திரி அனுமதியோ குறையவில்லை என்பது உண்மை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே உப்பை அளவாகச் சாப்பிட்டவர்கள். அதை இன்னும் இறுக்கியதில் பெரிய லாபம் இல்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். மோர் மிளகாயும் ஜீவனியும் கொடுக்கலாம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்த முதல் கிழமை அம்மாவால் நீட்டிப் படுக்க முடியவில்லை. சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி மூன்று மணிக்குத்தான் கண் அயர்வார். நாலரைக்குக் கோயில் திருவிழா ஒலிபெருக்கி தொடங்கிவிடும். நானும் சைவன்தான், திருநீறு பூசாமல் வெளியே போனதில்லை. நேரில் போய்க் கேட்டேன், நோயாளி இருக்கிறார், ஒரு குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்புங்கள் என்று. பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை. பத்து நாளும் அம்மா அந்தக் கதிரையில் கண்ணைத் திறந்தபடி இருந்தார். எந்தச் சுவாமியும் இதைக் கேட்டிருக்க மாட்டார்.

உங்கள் அப்பாவின் 129 இதே வகையாகத்தான் இருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வயிற்றோட்டம், வாந்தி, சில வகைச் சலக் குளிசைகள், இவற்றால் உண்மையாகவே உப்புக் குறைகிறதும் உண்டு. அதற்கு வைத்தியம் வேறு. எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டொக்டர், பெரியம்மாவும் இல்லை, நானும் இல்லை. கால் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருப்பதால்தான் எனக்குப் பயம்.

எண்ணைத்தான் பார்ப்பேன் என்றால் தராசின் எண்ணைப் பாருங்கள். காலையில் சலம் போன பிறகு, தேத்தண்ணிக்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு ஏற்றி எடை பார்த்து, திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் கொண்டுபோங்கள், அந்தக் கொப்பியையும் சேர்த்து.