மேன் பேஜ் திறந்தாலே தலை சுத்துதா?

கேள்வி: லினக்ஸ் இப்பதான் கத்துக்கிறேன். ஒரு டார் ஃபைலை (பல ஃபைலை ஒன்னா கட்டி வச்ச மூட்டை) பிரிக்கணும்னு மேன் டார்னு அடிச்சா அந்தக் கமாண்டோட கையேடு, அதான் மேன் பேஜ், பக்கம் பக்கமா ஓடுது, எனக்கு வேண்டிய ஒரு வரி எங்க இருக்குன்னே தெரியல. டிஎல்டிஆர்னு ஒன்னு இருக்காமே, அது போதுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தப்பு உங்க மேல இல்லங்க. மேன் பேஜோட மூலம் 1971 நவம்பர்ல பெல் லேப்ஸ்ல கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் போட்ட, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸோட கையேடு, அது ஏற்கனவே விஷயம் தெரிஞ்சவங்க எடுத்துப் பாக்குறதுக்குன்னு எழுதினது, அகராதியை வச்சுக்கிட்டு பேசக் கத்துக்க முடியுமா சொல்லுங்க.

டிஎல்டிஆர்ங்கறது கமாண்டுகளுக்கான சுருக்கமான உதாரணத் தொகுப்பு, 2013 கடைசியில ஆரம்பிச்சது, தன்னார்வலருங்க எழுதுறது. ஒரு கமாண்டுக்கு அதிகபட்சம் எட்டு உதாரணம்தான், ஒவ்வொன்னுக்கும் மேல ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். பிப்எக்ஸ் இன்ஸ்டால் டிஎல்டிஆர்னு போட்டுட்டு (பிப்எக்ஸ்ங்கறது பைத்தான் புரோகிராமை இன்ஸ்டால் பண்ற கருவி) டிஎல்டிஆர் டார்னு அடிச்சுப் பாருங்க, பிரிக்கிறதுக்கு எக்ஸ்எஃப் போதும்னு உடனே தெரிஞ்சிடும் (எக்ஸ்னா பிரி, எஃப்னா அடுத்து வர்றது ஃபைல் பேரு; எந்த முறையில சுருக்கியிருக்குன்னு பார்த்து இசட் போடணுமா ஜே போடணுமான்னு முழிக்க வேண்டாம், லினக்ஸ்ல வழக்கமா இருக்குற க்னூ டார் பிரிக்கும்போது அதுவே கண்டுபிடிச்சுக்கும்). உதாரணத்துல பாத் டு ஃபைல்னு வர்ற இடத்துல உங்க ஃபைல் பேரைப் போடணும், அதை அப்படியே காப்பி பண்ணி அடிச்சுட்டு ஃபைலே இல்லன்னு சொல்லுதேன்னு முழிக்கிறவங்க நெறைய பேரு. இன்ஸ்டால் பண்ண முடியாத மெஷின்னா கர்ல் (நெட்லருந்து பக்கத்தை எடுத்துத் தர்ற கமாண்ட்) போட்டு சீட் டாட் எஸ்ஹெச் ஸ்லாஷ் டார் (cheat.sh/tar)னு அடிங்க, நெட் மட்டும் இருந்தா போதும்.

ஆனா அது மட்டும் போதுமான்னா, போதாது. ஃபோல்டரை இன்னொரு இடத்துக்கு காப்பி பண்ற ஆர்சிங்க்கை எடுத்துக்கோங்க. சோர்ஸ் ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்லாஷ் இருந்தா உள்ள இருக்கறது மட்டும் போகும், இல்லன்னா ஃபோல்டரே போயி உக்காரும். இதோட டிலீட் ஆப்ஷனும் சேர்ந்துச்சுன்னா, சோர்ஸ்ல இல்லாததெல்லாம் அந்தப் பக்கம் அழிஞ்சிடும். இது ஏன் இப்படின்னு உதாரணம் சொல்லாது, மேன் பேஜ்தான் சொல்லும். அதனால அழிக்கிற, மேல எழுதுற கமாண்டுன்னா (ஃபைலை அழிக்கிற ஆர்எம், டிஸ்க் மேலேயே எழுதுற டிடி எல்லாம்) உதாரணத்தைப் பார்த்துட்டு அதுல வர்ற ஆப்ஷனை மட்டும் மேன் பேஜ்ல தேடிப் படிங்க. முழுசா யாரும் படிக்கறதில்ல, நானும்தான். ஸ்லாஷ் அழுத்தி ஆப்ஷன் பேரை அடிச்சா அங்க போயிடும், என் அழுத்தினா அடுத்தது, க்யூ போட்டா வெளிய வந்துடலாம். கமாண்ட் பேரே மறந்துடுச்சுன்னா மேன் மைனஸ் கே போட்டு விஷயத்தைக் குடுங்க, பொருத்தமானதை லிஸ்ட் போடும்.

கேள்வி: இதெல்லாம் தமிழ்ல கிடைக்குமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: டிஎல்டிஆர்ல தமிழ்ப் பக்கங்கள் இருக்கு, மைனஸ் பெரிய எல் (கேபிடல் L) டிஏன்னு சேர்த்து அடிச்சா வரும். எல்லா கமாண்டுக்கும் இன்னும் வரல. எல்லாமே கிட்ஹப்ல (கோடு பகிர்ற தளம்) திறந்து கிடக்கு, ஒரு பக்கம்னா சின்னதுதான், இங்கிலீஷ் பக்கத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்களே ஒன்னு எழுதி அனுப்பலாம்.