மின்சேயின் அப்பா யார்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று வருடமாகக் கொரியத் தொடர்கள் பார்க்கிறேன். போன வாரம் 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்' முடித்தேன். அதிலிருந்து மனசே சரியில்லை. பதினாறு எபிசோடு கதாநாயகி ஹீடோவையும் கதாநாயகன் பேக் இஜினையும் சேர்த்துக் காட்டிவிட்டு, கடைசியில் இப்படிக் குழப்பமாக விட்டால் என்ன அர்த்தம்? ஹீடோவின் மகள் மின்சேயின் அப்பாவைக் காட்டவே இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு கட்சி. மின்சே தத்துப்பிள்ளை என்று ஒரு கட்சி. இஜின்தான் அப்பா, எதற்காகவோ மறைக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கொரியாக்காரர்களுக்கு நல்ல முடிவு என்றாலே பயமா? என் கணவர் "சீரியலுக்குப் போய் அழறியே" என்று சிரிக்கிறார். தெளிவான முடிவு உள்ள ஐந்து தொடர்கள் சொன்னால் கோடை விடுமுறையில் பார்ப்பேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. ஒரு மாதமாக நானும் என் மனைவியும் ஒரு பழைய கொரிய நகைச்சுவைத் தொடரை மறுபடி பார்த்து, போன ஞாயிறுதான் முடித்தோம். 126 எபிசோடு. முடிந்ததும் அவள் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் சிங்க்கில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவினாள். அதனால் உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரிகிறது. கணவர் சிரிப்பதை விடுங்கள், கிரிக்கெட்டில் தோற்ற அன்று அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஐந்து தொடர் பட்டியல் நான் தரமாட்டேன். முடிவு தெளிவாக இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுத் தொடர் பார்ப்பவருக்குப் பட்டியல் எதற்கு?

இப்போது கொஞ்சம் திட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொடரில் குழப்பம் எங்கே இருக்கிறது? 2009-இல் நடப்பதாக வரும் காட்சியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். இஜின் செய்தி வாசிப்பாளராக ஸ்டுடியோவில் இருக்கிறான். ஹீடோ அமெரிக்காவில் தங்கம் வென்ற வாள்வீச்சு வீராங்கனையாகத் திரையில் தெரிகிறாள். பேட்டி எடுக்கிற சாக்கில் அவன் அவளுக்குக் கல்யாண வாழ்த்துச் சொல்கிறான். சொல்லிவிட்டு முகத்தை ஒழுங்கு செய்துகொண்டு அடுத்த வரிக்குப் போகிறான். மகளின் முழுப் பெயர் கிம் மின்சே. அங்கே பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்பாவின் குடும்பப் பெயர்தான் வரும், இவனோ பேக். தலைப்பிலேயே அவனுக்கு இருபத்தைந்து, அவளுக்கு இருபத்தொன்று என்று வயதைப் போட்டுவிட்டார்கள், அந்த வயதிலேயே பிரிகிறார்கள். நீங்கள் கணக்கு டீச்சர். விடை வந்த பிறகும் அது பிடிக்கவில்லை என்பதால் 'கேள்வித்தாளில் தப்பு' என்று எழுதிவைக்கிற பையனுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

பிடிக்காத முடிவுக்கு 'குழப்பமான முடிவு' என்று பெயர் வைக்கிற பழக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் உண்டு. ஆனால் அவர்களிடம் இதற்கெல்லாம் நல்ல நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. கதை இழுத்தடித்து மூச்சுமுட்ட வைத்தால் 'கோகுமா' என்பார்கள், அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தண்ணீர் இல்லாமல் தின்று தொண்டையில் அடைத்துக்கொண்ட மாதிரி. வில்லனுக்கு ஓர் அறை விழுந்தால் 'சைடா'. நம் ஊர் கோலி சோடா மாதிரி ஒரு பானம், குடித்ததும் ஏப்பம் வரும். பிரமாதமாகத் தொடங்கிச் சொதப்பலாக முடிந்தால் 'யோங்துசாமி', டிராகன் தலையும் பாம்பு வாலும். இந்தக் கடைசி வார்த்தை அங்கே அதிகம் புழங்கியதற்குக் காரணமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் படப்பிடிப்பும் நடக்கும், வசனம் துண்டுத் துண்டுத் தாளாகப் படப்பிடிப்புக்கு வந்து சேரும். அந்தத் துண்டுகளுக்கே 'ஜ்ஜோக்தேபோன்' என்று தனிப்பெயர். எழுதுகிறவர் தூங்காமல் கிடப்பார், ஜனங்கள் இணையத்தில் கத்துவார்கள், அந்தக் கத்தல் அடுத்த வாரத் தாளில் ஏறும். பல வருடம் இப்படித்தான் ஓடியது. 2016-இல் 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் த சன்' மாதிரி முழுவதையும் முன்கூட்டியே எடுத்து முடித்துவிட்டு ஒளிபரப்பிய தொடர் பெரிய வெற்றி பெற்றது அன்றைக்கு ஒரு செய்தி. 2004-இல் 'லவர்ஸ் இன் பாரிஸ்', ஐம்பது சதவீதத்துக்கு மேல் ரேட்டிங் எடுத்த தொடர், கடைசியில் இதெல்லாம் கதாநாயகி எழுதிய கதை என்று கையை விரித்தது. அதற்கு அவர்கள் கோபப்பட்டார்கள், பட வேண்டியதுதான்.

அப்புறம் 'மெமரீஸ் ஆஃப் தி ஆலம்ப்ரா'. ஸ்பெயினில் கிரனாடா நகரத்தில் தொடங்குகிறது, கண்ணில் லென்ஸ் போட்டால் தெருவே விளையாட்டுக் களம் ஆகிவிடும், பழங்காலப் போர்வீரன் வாளோடு பாய்வான். முதல் நாலு எபிசோடு நான் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து பார்த்தேன். கடைசி எபிசோடில் கதாநாயகன் பழைய காட்சிகளில் எட்டிப்பார்த்ததோடு சரி. யாரோ ஒரு உருவம், ஒரு நிழல், தொடர் முடிந்தது. அவன் இருக்கிறானா இல்லையா என்று என்னை யோசிக்கவைப்பதாக அவர்களுக்கு நினைப்பு. எழுதியவருக்கே தெரியாததை நான் ஏன் யோசிக்க வேண்டும்?

'சிக்னல்' வேறு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதையெல்லாம் தள்ளிவிட்டாலும் இதை மட்டும் கேளுங்கள். 2016-இல் வந்தது, கிம் உன்ஹீ எழுதியது. இரவு 11.23-க்கு ஒரு பழைய வாக்கி டாக்கி உயிர்பெறும். இந்தப் பக்கம் இன்றைய காவல்துறையில் ஒருவன், அந்தப் பக்கம் பல வருடங்களுக்கு முன்னால் காணாமல் போன துப்பறிவாளர். கண்டுபிடிக்கப்படாத வழக்குகளை இருவரும் சேர்ந்து துழாவுகிறார்கள். அதில் ஒன்றுக்கு அடிப்படை ஹ்வாசோங் கொலைகள். 1986-இலிருந்து 1991 வரை ஒரே வட்டாரத்தில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். 2006-இல் சட்டப்படி வழக்குத் தொடர்கிற காலமே முடிந்துபோனது. அந்த ஊரில் அந்தத் தொடரைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் கொலையாளி எங்கோ உயிரோடு காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம் என்று தெரியும். அப்படிப்பட்ட கதைக்கு, எல்லாரையும் பிடித்தாயிற்று, காணாமல் போனவர் வீட்டுக்கு வந்து குழம்பு சாப்பிட்டார் என்று முடிவு வைத்தால் அது பொய். அதனால் ஒரு கார் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு மருத்துவமனை அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அங்கே நிறுத்திவிட்டார்கள். கேள்வி திறந்து கிடந்தது, முடிவும் திறந்து கிடந்தது. மூன்று வருடம் கழித்து 2019-இல் மரபணுச் சோதனையில் ஆள் யார் என்று தெரிந்தது, வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். செய்தியைப் படித்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கார்தான்.

ஆக, கதை முழுக்கக் கேட்ட கேள்விக்கு உலகத்திலேயே விடை இல்லை என்றால் திறந்து விடலாம். ஆலம்ப்ராக்காரர்கள் கதவு எங்கே என்று தெரியாமல் சுவரைக் காட்டினார்கள். உங்கள் ஹீடோ கதையில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று, ஸ்டாஃப் ரூமே சேர்ந்து இடுக்கில் காலை விட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் தொடரில் நடுவில் நண்பர்கள் ஐந்து பேரும் கடலுக்குப் போவார்களே, மணலில் ஓடி, அந்தக் கோடையே எங்களுடையது என்று கத்துவார்களே. அதைப் பற்றி அம்மாவின் பழைய டைரியில் படித்துவிட்டு மின்சே கேட்கும்போது, நடுவயது ஹீடோ என்ன சொன்னாள்? ஞாபகம் இல்லை என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய அடி அந்தத் தொடரில் இல்லை. அவர்கள் பிரிந்ததையாவது விடுங்கள், அவள் அதை மறந்தே போயிருக்கிறாள். நீங்கள் அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. அப்பா யார் என்பதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

சரி, நானும் யோக்கியமில்லை. திட்டிவிட்டேன், என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2010-இல் நான் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கொரிய உதிரிபாக நிறுவனத்தில் தரப்பிரிவில் இருந்தேன். கார் கதவு ஓரத்தில் வருகிற ரப்பர் பட்டை செய்வார்கள். எங்கள் பிரிவுக்கு ஒரு கொரியர் தலைவர், 'க்வாஜாங்நிம்' என்றுதான் கூப்பிடுவோம். பூந்தமல்லியில் தனியாக ஒரு வாடகை வீடு. மனைவியும் எட்டு வயது மகளும் கொரியாவில், உல்சான் நகரத்தில். அவருக்குத் தெரிந்த தமிழ் 'சாப்டாச்சா', 'சீக்கிரம்', 'ஐயோ'. குச்சி போல நீளமான பாக்கெட்டில் வருகிற காப்பித்தூளைக் கொட்டிவிட்டு, அந்தப் பாக்கெட்டையே மடித்து அதாலேயே கலக்குவார். எனக்கும் ஒன்று கலக்கித் தருவார்.

அந்த வருடம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது 'ஹை கிக் த்ரூ தி ரூஃப்', நான் இப்போது மறுபடி பார்த்தேனே, அதேதான். கடனுக்குப் பயந்து அப்பா ஓடிப்போக, மலைக்கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்து ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேருகிற சேக்யோங், அவள் தங்கை, அந்த வீட்டு டாக்டர் பையன் ஜிஹூன், ஹேரி என்று ஒரு அடங்காப்பிடாரிக் குட்டி. அவள் எதற்கெடுத்தாலும் 'ப்பாங்குத்தோங்கு' என்று கத்துவாள். குசுவையும் பீயையும் சேர்த்துக் குழைத்த ஒரு குழந்தை வசவு, ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆணையம் தலையிட்டு அறிவுரை சொல்கிற அளவுக்கு நாடு முழுக்கப் பரவிவிட்டது. உல்சானிலும் பரவியது. இரவு மகளோடு கணினியில் பேசும்போது அவள் முதலில் அப்பாவை அப்படித் திட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாளாம். இருவரும் ஒரே எபிசோடைப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். எட்டு வயதுப் பிள்ளையோடு கடல் கடந்து தினமும் பேச வேறு என்ன இருக்கிறது?

மார்ச் 19, வெள்ளிக்கிழமை அது முடிந்தது. சனிக்கிழமை வேலைக்கு வந்தவர் காப்பி கலக்கவில்லை. பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேஜையில் கிடந்த, நிராகரித்த சரக்குக்கான தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைய ஆரம்பித்தார். இது ரோடு. இது ஏர்போர்ட். சேக்யோங் குடும்பத்தோடு தஹிட்டிக்குக் கிளம்புகிறாள். ஜிஹூன் காரில் கொண்டுவிடுகிறான். உங்களைப் பிடித்திருந்தது என்று அவள் அப்போதுதான் சொல்கிறாள். கொஞ்ச நேரம் இப்படியே நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். படம் கறுப்பு வெள்ளையாகி நின்றுவிடுகிறது. மூன்று வருடம் கழித்து மற்ற இருவர் பேசிக்கொள்வதிலிருந்து நமக்குத் தெரிகிறது, இரண்டு பேருமே அன்றைக்குச் செத்துப்போனார்கள். "காமெடி," என்றார் க்வாஜாங்நிம். "காமெடி! ஆறு மாசம்!" தாளில் சரசரவென்று சாய்வாகக் கோடு போட்டார், பேனா கிழித்துக்கொண்டு போனது. இரவு மகள் திட்டவே இல்லையாம், அழுதுகொண்டே இருந்தாளாம், இவரால் அங்கிருந்து ஒன்றும் செய்யமுடியவில்லை.

நான் அன்றைக்கு அந்தத் தொடரில் ஒரு எபிசோடுகூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் பெரிய இலக்கியவாதி அல்லவா, கலை அப்படித்தான் இருக்கும், வாழ்க்கை அப்படித்தான் என்று அரைகுறை இங்கிலீஷில் அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. போன ஞாயிறு என் மனைவி பாத்திரம் கழுவிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பார்வை எனக்கு முழுசாக வந்து சேர்ந்தது. அந்த முடிவு ரொம்பப் பெரிய முடிவு, இப்போதும் அதைத்தான் சொல்வேன். அதில் ஒரு குழப்பமும் இல்லை. சேக்யோங் ஆரம்பத்திலிருந்தே பேய் என்றெல்லாம் அங்கே ஜனங்கள் விளக்கம் கண்டுபிடித்தார்கள், உங்கள் தத்துப்பிள்ளைக் கட்சி மாதிரி. ஆனால் அவர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை, நான்தான் வாயை மூடிக்கொண்டு காப்பி கலக்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தாளை அவர் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். அதன் முன்பக்கம் எனக்கு வேண்டியிருந்தது, அதனால் எடுத்து நீவி ஃபைலில் சேர்த்தேன். ஜூலையில் ஆடிட்டுக்கு வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்து, இது என்ன கோடு என்று கேட்டார். மழை என்றேன்.