கம்யூனிட்டி காலேஜில் கணிதமும் அறிவியலும்: மாநிலம் தரும் பணம் நம் கைக்கு வருமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். கிரீன் கார்டு உண்டு. குடும்ப வருமானம் 1,45,000 டாலர். மகனுக்கு யூசி டேவிஸில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கிறது. 529 கணக்கில் (கல்லூரிச் செலவுக்கு வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கு) 62,000 டாலர் இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறாள். முதல் இரண்டு வருடத்தை வீட்டிலிருந்தபடியே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) படித்துவிட்டு யூசிக்கு மாறலாமா என்று யோசிக்கிறோம். அங்கே கணித, அறிவியல் படிப்புகளுக்கு மாநில அரசு நிறைய பணம் ஒதுக்குகிறது என்று நண்பர் சொன்னார். அதில் எங்களுக்கு ஏதாவது வருமா? நாளைக்கு அரசு அதை வெட்டிவிட்டால் என்ன ஆகும்? "கம்யூனிட்டி காலேஜா!" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்ற கவலை என் மனைவிக்கு.

பதில்: உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் கல்லூரிக்குப் போகிறது, உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. உங்களுக்கு அது குறைந்த கட்டணமாகவும், வகுப்பில் ஒரு இடமாகவும், கணக்கில் தடுமாறும்போது உட்கார்ந்து கேட்க ஒரு ட்யூட்டரிங் சென்டராகவும் வந்து சேர்கிறது. அதனால், எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட, நீங்கள் சேரப்போகும் கல்லூரி அதை வைத்து என்ன செய்திருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 98-ஆம் முன்மொழிவுப்படி, மாநில வருவாயில் ஒரு குறைந்தபட்சப் பங்கு பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் போயே ஆக வேண்டும். அந்தப் பங்கில் பெரும்பகுதி பள்ளிகளுக்கு, சுமார் 11 சதவீதம் காலேஜ்களுக்கு. அதை எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு என்று பிரிக்க 2018-இல் புதிய சூத்திரம் வந்தது. ஏறத்தாழ 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைக்காக, 20 சதவீதம் வசதி குறைந்த மாணவர்களுக்காக, 10 சதவீதம் மாணவர்கள் எட்டும் வெற்றிக்காக. அந்தக் கடைசிப் பத்தில் ஒரு அளவுகோல், மாணவர் முதல் வருடத்திலேயே பல்கலைக்கழகத் தரத்திலான கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடித்தாரா என்பது. உங்கள் மகன் முதல் வருடக் கணிதத்தில் தேறினால் கல்லூரிக்கும் அதில் காசு உண்டு. இது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு வெளியே தனி நிதிகளும் உண்டு. 'மெசா' என்ற திட்டம் 1970-இல் ஓக்லண்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி, இன்று பல கம்யூனிட்டி காலேஜ்களில் நடக்கிறது. கால்குலஸ் தேவைப்படும் படிப்பில் இருக்கும் மாணவர்களுக்குப் படிக்க ஓர் அறை, குழுவாகப் பாடப் பயிற்சி, டிரான்ஸ்ஃபர் (பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான) வழிகாட்டல் எல்லாம் அதில் கிடைக்கும். குடும்ப வருமானம், வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகிறவரா என்பது போன்றவற்றைப் பார்ப்பார்கள் என்பதால் உங்கள் மகனுக்கு இது அநேகமாகக் கிடைக்காது. ஆனாலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். 2016-இல் வந்த 'ஸ்ட்ராங் வொர்க்ஃபோர்ஸ்' நிதி பெரியது, தொடங்கியபோதே ஆண்டுக்கு 20 கோடி டாலர். ஆனால் அது வேலைக்கான தொழிற்கல்விக்கு, உங்கள் மகனின் கால்குலஸ் வகுப்புக்கு அல்ல.

கட்டணத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட் (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. டேவிஸில் தங்கிப் படித்தால் ஒரே வருடச் செலவு 40,000 டாலரைத் தாண்டும். அந்த 2,760-ஐயும் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்று உண்டு: 'கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ்'. முதல் முறையாக, முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வருடம் வரை, வருமானம் பார்க்காமலேயே கல்லூரிகள் இதைத் தரலாம். எப்படித் தருவது என்பது கல்லூரியின் முடிவு. கேட்க வேண்டியது கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில். இதற்கு ஃபாஃப்சா (அரசின் கல்வி நிதியுதவி) விண்ணப்பம் கட்டாயம், அதனால் "எங்கள் வருமானத்துக்கு எதுவும் வராது" என்று அதை விட்டுவிடாதீர்கள். பின்னால் யூசிக்குப் போனதும் வரக்கூடிய 'மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்'புக்கும் அதே விண்ணப்பம்தான். அதன் வருமான உச்சவரம்பு 2 லட்சம் டாலருக்கு மேல் இருப்பதால் நீங்கள் உள்ளே வருகிறீர்கள்.

அரசு வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 2009-இல் தொடங்கிய நெருக்கடியில் அதைப் பார்த்தோம். யூனிட்டுக்கு 20 டாலராக இருந்த கட்டணம் முதலில் 26, பிறகு 36, 2012-இல் 46 ஆனது. குடும்பங்களை அதிகம் வதைத்தது அந்த ஏற்றம் இல்லை. கல்லூரிகள் வகுப்புகளைக் குறைத்தன, மாணவர்கள் வெயிட்லிஸ்ட்டில் நின்றார்கள், இரண்டு வருடத்தில் முடிய வேண்டியது மூன்றாக நீண்டது. இன்ஜினியரிங் மாணவருக்கு இது இரட்டை அடி, ஏனென்றால் அவருடைய பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்பவை. கால்குலஸ் மூன்று பாகம், அதன்பின் லீனியர் ஆல்ஜிப்ராவும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸும், பக்கத்திலேயே பிசிக்ஸ் வரிசை. ஒரு பருவத்தில் ஒன்று தவறினால் பின்னால் வருவது எல்லாம் தள்ளிப்போகும்.

உங்கள் கணக்கில் ஒளிந்திருக்கும் செலவு இதுதான். வீட்டிலிருந்து இரண்டு வருடம் படித்தால் 70,000 டாலருக்கு மேல் மிச்சம். ஆனால் மூன்றாவது வருடம் விழுந்தால், கட்டணமாகப் போவது 1,400-க்கும் குறைவுதான் என்றாலும், உங்கள் மகனின் முதல் வேலை ஒரு வருடம் தள்ளிப்போகிறது. ஒரு இன்ஜினியரின் ஒரு வருடச் சம்பளம் அந்த மிச்சத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். உங்கள் பை தப்பிக்கும், அவன் பை இழக்கும்.

ஆகவே முடிவெடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓலோனி, டி ஆன்சா இரண்டு கல்லூரிகளின் வகுப்பு அட்டவணையையும் இணையத்தில் திறந்து பாருங்கள், போன வருடத்தையும் சேர்த்து. பிசிக்ஸ் வரிசையின் கடைசிப் பாகம் ஒவ்வொரு பருவமும் இருக்கிறதா, அல்லது வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு பிரிவா? லேப் இருக்கும் நாளும் கால்குலஸ் இருக்கும் நேரமும் மோதுகிறதா? அப்புறம் 'அசிஸ்ட்' தளத்தில் டேவிஸ் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்குக்கு அந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று வரிக்கு வரி பாருங்கள். டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை, ஓலோனியில் செமஸ்டர் முறை. பருவங்கள் வேறுபடுவதால், ஒரு வரிசையை ஓரிடத்தில் தொடங்கினால் அங்கேயே முடிப்பதுதான் பாதுகாப்பு.

2017, 2022 ஆண்டுகளில் வந்த இரண்டு சட்டங்களால், பழைய மாதிரி அடிப்படைக் கணிதத்தில் ஒரு வருடம் உட்கார வைக்கும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் கால்குலஸில் சேர்க்கிறார்கள். உங்கள் மகன் பள்ளியில் கால்குலஸ் படித்திருந்தால் இது பெரிய சௌகரியம். ப்ரீகால்குலஸிலேயே திணறியவன் என்றால் அந்தக் கல்லூரியில் கூடவே நடக்கும் துணை வகுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. கையில் இருக்கும் இடத்தை விட்டால் அது காத்திருக்காது. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு டேவிஸ் உட்பட ஆறு யூசி வளாகங்கள் 'டேக்' என்ற சேர்க்கை உறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அதில் இல்லை. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பிரிவுகளைச் சில வளாகங்கள் இந்த உறுதியிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. உங்கள் மகனின் பிரிவு உள்ளே வருகிறதா என்பதை மே 1-க்குள், அதாவது டேவிஸுக்குப் பதில் சொல்லும் முன், தெரிந்துகொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: அவன் கால்குலஸில் தைரியமாக இருக்கிறான், அட்டவணை இரண்டு வருடத்தில் முடிகிறது, பிரிவுக்கு உறுதி இருக்கிறது. இந்த மூன்றும் சரி என்றால் கம்யூனிட்டி காலேஜ்தான். ஒன்று இல்லை என்றாலும் டேவிஸுக்கே அனுப்புங்கள், மீதியைக் கடன் வாங்கியாவது. சொந்தக்காரர்கள் பேச்சை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், இரண்டு வழியிலும் கடைசியில் கையில் வருவது யூசி பட்டம்தான்.

வரி விஷயத்தில் ஒரு கவனம். 'அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி' வரிச்சலுகை ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, மொத்தம் நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டும். தம்பதியாகத் தாக்கல் செய்பவர்களுக்கு 1,60,000 டாலருக்கு மேல் குறையத் தொடங்கும். நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். படிப்பு நான்கு வருடம் என்றாலும் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிவதால் ஐந்து வரி ஆண்டுகளைத் தொடும். முதல் இலையுதிர் பருவத்தில் செலவு சில நூறு டாலர்தான். அந்த ஆண்டில் சலுகையைக் கேட்டு நான்கில் ஒன்றை வீணாக்காதீர்கள். பிறகு வரும் ஆண்டுகளில் கட்டணம், புத்தகம் சேர்த்து முதல் 4,000 டாலரை 529 கணக்கிலிருந்து எடுக்காமல் கையிலிருந்து கட்டுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு சலுகையும் கிடைக்காது.

529-இல் இருக்கும் 62,000-ஐ இப்போதைக்குத் தொடாமல் வையுங்கள். யூசியின் இரண்டு வருடச் செலவில் பெரும்பகுதிக்கு அது போதும். ஆனால் இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணம் அத்தனையும் பங்குகளில் இருந்தால், டிரான்ஸ்ஃபருக்கு முன்பே பாதிக்கு மேல் பாதுகாப்பான பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். மிஞ்சினால் கணக்கை மகள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், வரியோ அபராதமோ கிடையாது.