ரிமோட் இழுவைப் படகுக்கு எந்த பேட்டரி?

கேள்வி: துறைமுக இழுவைப் படகு மாதிரி ஒன்று, 80 செ.மீ. நீளத்தில் கட்டியிருக்கிறேன். 12 வோல்ட் பிரஷ் மோட்டார். கடைக்காரர் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வாங்கச் சொல்கிறார். யூபிஎஸ் பேட்டரியே போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் படகுக்கு நண்பர் சொல்வதுதான் சரி. லிப்போவின் பெருமையே எடை குறைவு, ஆனால் இழுவைப் படகுக்கு வேண்டியது எடை. நீர்க்கோடு வரை அமிழாவிட்டால் அது தக்கையாய் ஆடும். லிப்போவைப் போட்டுவிட்டு, அப்புறம் ஈயக்கட்டி தேடி அலைய வேண்டியிருக்கும்.

முதலில் படகைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, நீர்க்கோடு வரும்வரை உள்ளே எடைக்கற்களை அடுக்கிப் பாருங்கள். யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) ஈய-அமில பேட்டரி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். படகு அதைத் தாங்கினால் அதையே அடித்தளத்தில், நடுவாக வையுங்கள். நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள். திருப்பத்தில் பேட்டரி ஒரு பக்கம் சரிந்தால் படகு கவிழ்ந்துவிடும். எடை அதிகமென்றால் 4.5 ஏஎச் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஓடும்? புரொப்பல்லர் தண்ணீருக்குள் சுழலும்போது ஆம்பியரை அளந்து பாருங்கள். வெளியே சுழலவிட்டு அளந்தால் குறைவாகவே காட்டும். 3 ஆம்பியர் என்றால் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அந்த 7 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே தாராளம். யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பேட்டரி மட்டும் வேண்டாம்.

வேகப் படகு என்றால் பதில் தலைகீழ்: அங்கே லிப்போதான். அதிலும் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய பிரஷ் மோட்டார் கன்ட்ரோலர்கள் பலவற்றில் வோல்டேஜ் குறைந்தால் தானாக நிறுத்தும் வசதி கிடையாது, அதனால் தனியாக வோல்டேஜ் அலாரம் தேவை.

எந்த பேட்டரியானாலும் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். குளத்துப் பாசி புரொப்பல்லரில் சுற்றி மோட்டார் நின்றுவிட்டால் கரண்ட் பல மடங்கு எகிறும், வயர் உருகும். ஓடும்போது எடுக்கும் உச்ச ஆம்பியருக்குச் சற்று மேலாகவும், கன்ட்ரோலர் தாங்கும் அளவுக்குக் கீழாகவும் ஃபியூஸ் இருக்கட்டும். ஈய-அமில பேட்டரி என்றால் ஓட்டி முடித்த அன்றே சார்ஜ் போடுங்கள், படகின் மேல்மூடியைத் திறந்து வைத்துவிட்டு.