முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆட்டோ

காஸ்டிக் சோடா (அரிக்கும் காரம்) கையில் பட்டால் எலுமிச்சை பிழிந்தால் போதும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. சரியா? (திருப்பூர்)

தவறு. எத்தனை முறை எழுதினாலும் யாராவது திரும்பக் கேட்கிறீர்கள். எலுமிச்சை, வினிகர், சோடா மாவு, பற்பசை, இங்க், எதுவும் வேண்டாம். அமிலமும் காரமும் சேர்ந்தால் சூடு கிளம்பும். வெந்த தோல் இன்னும் வேகும். அதைவிடப் பெரிய நஷ்டம், எலுமிச்சை தேடி ஓடும் அந்த இரண்டு நிமிடம். காஸ்டிக் பல சமயம் ஆசிட் போல உடனே சுள்ளென்று எரியாது. சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழக்கும். உங்கள் தோலின் கொழுப்பு சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வலி இல்லையே என்று ஷிப்ட் முடியும்வரை நின்றுவிட்டு ராத்திரி வருகிறார்கள். ஒரு சாயப்பட்டறைத் தம்பிக்கு கம்பூட்டுக்குள் (முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்) இறங்கிய காஸ்டிக் சாக்ஸில் ஊறிக்கிடந்தது. சாக்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது. பேன்ட் பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகாதீர்கள். பட்டதும் துணி, பூட், மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். காஸ்டிக் என்றால் அதற்கும் மேலே. முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆட்டோ.

தோல் பதனிடும் ஷெட்டில் காய்ந்த சுண்ணாம்புத் தூள் மேலே கொட்டினாலும் தண்ணீர்தானா? (ராணிப்பேட்டை)

முதலில் தூளைத் தட்டிவிடுங்கள். நீற்றாத சுண்ணாம்பில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் கொதிக்கும். தட்டியபின் நிறையத் தண்ணீர்.

ஆசிட் பட்டுவிட்டது, என்ன மருந்து போடலாம்? (ஊர் இல்லை)

எந்த ஆசிட்? எங்கே பட்டது, எப்போது? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் எப்படிச் சொல்வது? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கறையை நீக்கும் பிக்ளிங் திரவமாக இருந்தால் அதில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் இருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்துக்கூட வரும்; ரத்தத்துக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே நிறுத்திவிடும். கழுவியதும் கால்சியம் குளுகோனேட் ஜெல் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த ஜெல் பட்டறையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். கேன் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் தெறித்தால்? (கோவை)

அதே 20 நிமிடம். தானாகக் கண் திறக்காது. பக்கத்தில் இருப்பவர் இமையை விரித்துப் பிடிக்க வேண்டும். முதலில் தண்ணீர்.

இப்படிக் காயம்பட்டு லீவு எடுத்த நாளுக்குச் சம்பளம் உண்டா? (ஈரோடு)

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும், குறைந்தது 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும். விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வீட்டில் வெந்நீர் கொட்டியது" என்று எழுதவிடாதீர்கள், முதலாளி எவ்வளவு கெஞ்சினாலும்.