கீவேர்டு எண்ணிக்கையைப் பார்த்து டொமைன் பெயர் வாங்கலாமா?

கேள்வி: ஒரு டொமைன் பெயர், அதாவது இணையதள முகவரி, விற்பனைக்கு வந்திருக்கிறது. அதில் உள்ள சொற்களை மாதம் ஆயிரக்கணக்கானோர் தேடுவதாக, தேடல் எண்ணிக்கையைச் சொல்லும் கருவியான கூகுள் கீவேர்டு பிளானர் காட்டுகிறது. அதை நம்பி வாங்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பெரும்பாலும் அந்தப் பெயரை மனசுக்குள் வாங்கி முடித்திருப்பார். விற்பவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போனில் இருக்கும், அதை இரண்டு நாளில் இருபது முறை பார்த்திருப்பார். யாராவது ஒருவர் "வாங்குங்க" என்று சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருப்பார். உங்களைக் குறை சொல்லவில்லை. 2018 ஜூலையில் நான் அப்படித்தான் இருந்தேன்.

விருதுநகரில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பான் கார்டு, வில்லங்கச் சான்று என்று நாள் ஓடும். கூடவே நாலு பேருக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பதும் உண்டு. என் தாய்மாமாவுக்கு சிவகாசியில் பட்டாசுக் கடை. முறையான லைசென்ஸ் உள்ள கடை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைக் கேட்கவென்றே ஒருவர் வருவார்.

எங்கள் பக்கம் தீபாவளி வியாபாரத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுத் தொடங்குவார்கள். அந்த வருஷம் ஆடி பிறந்ததுமே மாமா சொன்னார், "மாப்ள, கடைப் பேர்ல ஒரு வெப்சைட் போட்டுக் குடு. எல்லாரும் வச்சிருக்கான்." நான் படித்தவன் அல்லவா, உடனே கீவேர்டு பிளானரைத் திறந்து கடைப் பெயரைப் போட்டேன். எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. "மாமா, உங்க கடைப் பேரை ஒருத்தன்கூடத் தேடல" என்றேன். "முப்பது வருஷமா சேலத்துலேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் ஆள் வருதே?" என்றார். "அவங்க வேற, நெட்டுல தேடுறவங்க வேற" என்று பெரிய மனிதன் மாதிரி பதில் சொன்னேன். இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் இந்த வாக்கியத்தை எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. சிவகாசியும் வரும், கிராக்கர்ஸும் வரும், நடுவில் கோடு கீடு இல்லாத டாட் காம். முழுப் பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் போகப் போகத் தெரியும். விற்றவர் ஐம்பதாயிரம் கேட்டார், பேசி முப்பத்தைந்தாயிரத்துக்கு முடித்தோம். மாமா இருபது போட்டார், நான் பதினைந்து. ஆடி 18 அன்று அந்தப் பெயருக்கும் சேர்த்துச் சூடம் காட்டினோம்.

அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நான் எப்படியெல்லாம் தப்பாகப் படித்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்குகளுக்கு கீவேர்டு பிளானர் துல்லியமான எண்ணைத் தராது. 2016-லிருந்தே இப்படித்தான். 10,000 முதல் 1 லட்சம் வரை என்று ஒரு பெரிய இடைவெளியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். விற்கிறவர் கண்ணுக்கு ஒரு லட்சம் தெரிவது சரி, அவர் பிழைப்பு அது. வாங்குகிற என் கண்ணுக்கும் அதே ஒரு லட்சம்தான் தெரிந்தது.

அடுத்தது இதைவிடக் கேவலம். கிராக்கர் என்று ஒரு வரி, கிராக்கர்ஸ் என்று ஒரு வரி, சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது என்று நாலைந்து வரிகள் இருந்தன. எல்லாவற்றையும் கால்குலேட்டரில் கூட்டினேன். ஒருமை, பன்மை, எழுத்துப் பிழை போன்ற நெருங்கிய வடிவங்களை அந்தக் கருவி ஒரே கூட்டமாகச் சேர்த்து, அதே எண்ணை ஒவ்வொரு வரியிலும் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே ஆளை நாலு தடவை எண்ணியிருக்கிறேன்.

மூன்றாவது, சராசரி. அங்கே போட்டிருப்பது பன்னிரண்டு மாதங்களின் சராசரி. வருஷம் முழுக்க ஒரே அளவில் தேடப்படும் சொல்லுக்கு அது பொருந்தும். பட்டாசை யார் பங்குனியில் தேடுவார்கள்? ஐப்பசியில் மட்டும் 1,20,000 பேர் தேடி, மற்ற பதினோரு மாதமும் ஒருவரும் தேடாவிட்டாலும் மாதம் 10,000 என்றுதான் எழுதியிருக்கும். மாதவாரி வரைபடம் பக்கத்திலேயே இருந்தது. திறந்து பார்க்கவில்லை. ஒரு சொல்லின் தேடல் ஏறி இறங்குவதை வரைந்து காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் போட்டிருந்தால் குழந்தைக்கும் புரிந்திருக்கும், வருஷத்தில் ஒரே ஒரு பனைமரம் நிற்கும், மிச்சமெல்லாம் பொட்டல்.

என்னை முழுதாகக் கவிழ்த்தது ஸ்கிரீன்ஷாட் அட்டவணையில் "போட்டி" என்று தலைப்பிட்ட பத்திதான். அதில் "குறைவு" என்று இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரே பட்டாசு விற்கிறது, இந்தச் சொல்லுக்குப் போட்டி குறைவா? புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தப் பத்தி சொல்வது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டியை. தேடல் முடிவில் எத்தனை தளங்கள் மோதுகின்றன என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டாசுக்கு ஏன் விளம்பரதாரர்களே இல்லை? கூகுள் பட்டாசு விளம்பரத்தை அனுமதிப்பதே இல்லை. வெடிபொருள் என்று ஆபத்தான பொருட்கள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் ஆசையாக ஒரு விளம்பரம் போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். அப்போதுதான் காரணத்தைப் படித்தேன். மைதானத்தையே பூட்டி வைத்திருக்கிறார்கள், நான் ஆளில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சரி, விளம்பரம் இல்லாவிட்டால் என்ன, பெயரிலேயே சொல் இருக்கிறதே, கூகுள் தானாக மேலே தூக்கிவிடும் என்று நம்பினேன். அந்தக் காலமும் எப்போதோ போய்விட்டது. தேடும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு உள்ளே சரக்கில்லாத தளங்களைக் கீழே இறக்கும் மாற்றத்தை 2012 செப்டம்பரிலேயே கூகுளின் மாட் கட்ஸ் அறிவித்துவிட்டார். நான் ஆறு வருஷம் பிந்திப் பட்டாசுக்குத் திரி கிள்ளியிருக்கிறேன்.

இந்த இடத்தில் சில நண்பர்கள் வருவார்கள். "கார்இன்சூரன்ஸ் டாட் காம் 2010-ல் 4.97 கோடி டாலருக்கு விற்றதே, இன்சூரன்ஸ் டாட் காம் 3.56 கோடிக்குப் போனதே?" என்பார்கள். போனது, மறுக்கவில்லை. இரண்டையும் குவின்ஸ்ட்ரீட் என்ற ஒரே நிறுவனம்தான் வாங்கியது. அங்கே கைமாறியது ஓடிக்கொண்டிருந்த வியாபாரமும் சேர்த்து. சொல்லுள்ள பெயரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னதாக யாரும் எழுதவும் வேண்டாம். பெயரைப் பார்த்ததும் என்ன கடை என்று புரிவது நல்லதுதான். அதற்கு முப்பத்தைந்தாயிரம் கொடுக்கும் முன் யோசியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தேடுகிறவர்கள் எதற்காகத் தேடுகிறார்கள் என்பதை எந்தப் பத்தியும் சொல்லாது. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது பட்டா, சிட்டா. அந்தச் சொற்களைத் தமிழ்நாடே தேடுகிறது. அதை வைத்து ஒரு பெயர் வாங்கினால்? தேடுகிறவருக்கு வேண்டியது அரசாங்கத்தின் இ-சேவைத் தளம். உங்கள் தளத்துக்கு வந்தாலும் ஒரு நொடியில் திரும்பிப் போவார், அல்லது உங்களைத் திட்டிவிட்டுப் போவார். பட்டாசிலும் அதே கதை. அதிகம் தேடப்பட்டது "பிரைஸ் லிஸ்ட்". எங்கள் தளத்துக்கு வந்த கொஞ்சப் பேரும் விலைப்பட்டியலை இறக்கிக்கொண்டு போனார்கள். போனில் கூப்பிட்டு விலையைப் பற்றி நுணுக்கமாக விசாரித்த மூன்று பேர் வேறு ஊர்க் கடைக்காரர்கள் என்று மாமா குரலை வைத்தே சொல்லிவிட்டார்.

விலைப்பட்டியல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஐம்பது ரூபாய்ப் பெட்டிக்கு இருநூற்றைம்பது என்று போட்டு, அதில் 80 சதவீதம் தள்ளுபடி என்று அடித்துக் காட்டுகிறார்களே, இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, ஊர் பேரையே கெடுத்துவிட்டது. மாமா நேர் விலை போட்டார். "என்ன சார், உங்ககிட்ட தள்ளுபடியே இல்லையா?" என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் அவரும் ஐந்தால் பெருக்கி, எண்பது கழித்தார். அன்று அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். நேர்மையாக இருக்கக்கூட ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் அழைப்புகள் வந்தன. முதல் கேள்வியே, "நீங்க நிஜக் கடைதானா?" என்பதுதான். ஏன் தெரியுமா? தீபாவளி நேரத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலித் தளங்கள் எல்லாம் எங்கள் பெயர் மாதிரியேதான் இருக்கும். சிவகாசி, கிராக்கர்ஸ், ஆன்லைன், சேல் என்று நாலு சொல்லைக் குலுக்கிப் போட்ட பெயர்கள். அதே கீவேர்டு பட்டியலைப் பார்த்துத்தான் அவர்களும் வாங்குகிறார்கள். பட்டாசை கூரியரில் அனுப்ப முடியாது, லாரி ஆபீஸில் போட்டு அங்கே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் முழுப் பணமும் கட்ட வேண்டும். முகம் தெரியாத கடைக்கு, திருடன் மாதிரிப் பெயர் உள்ள கடைக்கு, யார் கட்டுவார்கள்? முப்பத்தைந்தாயிரம் கொடுத்து சந்தேகத்தை வாங்கியிருக்கிறோம்.

அப்புறம் 2018 அக்டோபர் 23. இணையதளம் வழியாகப் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தீபாவளிக்கு இரண்டே வாரம்தான் இருந்தது. அன்று சாயங்காலமே "வாங்க" பொத்தானை எடுத்துவிட்டு, "விசாரிக்க" என்று மாற்றினேன். இன்றைக்கும் சிவகாசித் தளங்களில் உத்தரவைக் குறிப்பிட்டு, பொருளைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், நாங்கள் போனில் பேசுகிறோம் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகளையே மூடிப் போட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள், பல மாதம் ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. இதையெல்லாம் எந்தக் கருவி முன்கூட்டிச் சொல்லும்? சொல்லாது. கருவியின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அது விளம்பரம் கொடுப்பவர் பட்ஜெட் போடுவதற்குச் செய்த கருவி, பெயர் வாங்குகிறவனுக்கு ஜாதகம் பார்க்கச் செய்ததல்ல.

2019-ல் மாமா மறுபடி கேட்டார். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கடைப் பெயரிலேயே ஒரு டாட் இன் பதிந்தேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பில்லிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்தோம். அந்த ஆவணியிலிருந்தே அழைப்புகள் வந்தன. பழைய ஆட்கள், அவர்களின் மச்சான்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவரும் "நிஜக் கடையா" என்று கேட்கவில்லை. கீவேர்டு பிளானரில் இப்போது போட்டாலும் அந்தப் பெயருக்கு எதிரே கோடுதான் வருகிறது. பத்துப் பேர் தேடினாலும் அந்தப் பத்துப் பேரும் வாங்க வருகிறவர்கள் என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

உங்கள் பெயருக்கு வருகிறேன். மாதவாரி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அந்தச் சொல்லை உங்கள் போனில் தேடி, முதல் பக்கத்தில் இருப்பவர்களை நீங்கள் நகர்த்த முடியுமா என்று யோசியுங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பெயரில் முன்பு என்ன தளம் இருந்தது என்று பாருங்கள், சூதாட்டத் தளமாக இருந்திருந்தால் ஓடிவிடுங்கள். யாருடைய பிராண்டாவது ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேடல் முடிவில் தளத்தை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலை செய்கிற தம்பிகள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள், நான் பணம் கொடுத்துப் படித்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பழைய பெயரை 2020-ல் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். கெடு முடிந்ததும் யாரோ எடுத்திருக்கிறார்கள். போன வருஷம் ஆடி மாசம் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. யாரோ கடை எண்ணுக்கு அனுப்பியதை எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். அதே பெயர், அதே மாதிரி ஸ்கிரீன்ஷாட், 10,000 முதல் 1 லட்சம், போட்டி குறைவு, விலை எழுபத்தைந்தாயிரம். கீழே மாமா எழுதியிருந்தார்: "மாப்ள, பேர் நல்லாருக்கே. வாங்கிப் போடுவோமா?"